முதல் பால் தாமதமாவது யாரால்?

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் தாய்ப்பால் வார விழா களைகட்டும். சுவரொட்டி, உறுதிமொழி, பேரணி எல்லாம் நடக்கும். அத்தனை அறிவுரையும் தாய்மாருக்கே.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளோ சுமார் 60 சதவீதம்தான். நாட்டின் சராசரியே சுமார் 42 சதவீதம்தானே என்று ஆறுதல் தேடிப் பயனில்லை. பாட்டி சேனை வைத்ததால் சீம்பால் வீணாயிற்று என்று வீட்டைப் பழித்த காலம் போய்விட்டது. அந்த முதல் மணி நேரம் இன்று மருத்துவமனையின் பொறுப்பு.

சிசேரியனில் நடப்பதைப் பாருங்கள். அதே ஆய்வின்படி இங்கு ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் அறுவை மூலமே. தனியாரில் 64 சதவீதம். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். தாய் விழித்துத்தான் இருக்கிறார். இருவரும் நலமென்றால், தையல் போடும்போதே குழந்தையைத் தாயின் நெஞ்சில் கிடத்தலாம். ஆனால் துடைத்து, எடை பார்த்து, ஊசி போட்டு, துணியில் சுற்றி, வெளியே காத்திருக்கும் உறவினர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். குழந்தை அழும். 'பால் இன்னும் ஊறலை' என்பார் ஒருவர். பவுடர் பால் வந்துவிடும். முதல் நாளில் சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும், அந்தச் சின்ன வயிற்றுக்கு அதுவே போதும் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை. குழந்தைப் பால்மாவை விளம்பரப்படுத்தவும் இலவச மாதிரி வழங்கவும் 1992-லேயே சட்டம் தடை போட்டது; வார்டுக்குள் டப்பா வருவதற்கு விளம்பரம் தேவைப்படவில்லை.

செவிலியரைக் குறை சொல்வது எளிது. ஒரே இரவில் அடுத்தடுத்துப் பிரசவம் பார்க்கும் ஒருவர், ஒவ்வொரு தாயின் அருகிலும் உட்கார்ந்து குழந்தையை மார்பில் பொருத்திக் காட்டுவது எப்படி? அதற்கென்றே தனிச் செவிலியர் வேண்டும். எடையும் வைட்டமின் கே ஊசியும் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான்.

அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதல் பாலூட்டிய நேரத்தை ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் கட்டாயமாக எழுதவைத்து, மருத்துவமனைவாரியாக, சிசேரியனைத் தனியே பிரித்து, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தாமதமானால் காரணத்தையும் எழுத வேண்டும். தனியார் மருத்துவமனைகள் பதிவைப் புதுப்பிக்க வரும்போது இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும். எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பது என்று முடிவு செய்யும் குடும்பங்களுக்கு, குளிர்சாதன அறையின் வாடகையைவிட இந்த எண் பயன்படும்.