தலைக்கு மேல் ஒரு கதவு



செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால், கடையநல்லூர், புளியங்குடி, பொட்டல்புதூர் எனச் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பங்கள் குற்றாலத்தை நோக்கிப் புறப்படுவது வழக்கம். தேக்சாவில் நெய்ச்சோறு, பாத்திரம் பண்டங்கள், துண்டு, மாற்றுடை, விரிப்பு ஆகிய அனைத்தும் அடங்கும் இடம் வண்டியின் டிக்கி. பேரருவியாயினும் ஐந்தருவியாயினும் பழைய குற்றாலமாயினும், வண்டி நின்றதும் முதலில் திறக்கப்படுவது டிக்கிக் கதவே. அதன் அடியில் தலையைக் கொடுத்துக் குனிந்து நிற்போர் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். அவர்கள் அருகே நிற்பவர்கள் நம் குழந்தைகள்.

அந்தக் கனத்த கதவைத் தலைக்கு மேல் தாங்கி நிற்பவை இருபுறமும் உள்ள இரண்டு மெல்லிய தண்டுகளாகும். உதிரிப்பாகக் கடைகளில் இதனை 'டிக்கி ஷாக்' என்பர். 1984-இல் மாருதி வேன் என்று வந்து, பின்னர் ஆம்னி எனப் பெயர் பெற்று, 2019 வரை தயாரிக்கப்பட்ட வண்டி முதல், இன்றைய சிறு கார்கள் வரை, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வண்டிகள் பலவற்றிலும் இது உண்டு. இது தளர்ந்துபோனால் என்ன நேரும், இதனை வீட்டிலேயே மாற்றுவது எவ்வாறு, மாற்றிய பின் பழையதை என்ன செய்வது என்பவற்றை இம்மாதம் காண்போம்.

உள்ளே இருப்பது என்ன?

எஃகுக் குழாய் ஒன்றினுள் நைட்ரஜன் வாயு மிகுந்த அழுத்தத்துடன் அடைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு பிஸ்டனும் சிறிதளவு எண்ணெயும் உண்டு. பிஸ்டனில் நுண்ணிய வழி இருப்பதால் வாயு அதன் இருபுறமும் சென்று வரும். ஆகவே இருபுறமும் அழுத்தம் ஒன்றே. எனினும் தண்டு பொருந்தியுள்ள பக்கத்தில், தண்டின் கனம் அடைத்துக்கொண்ட அளவுக்கு, வாயு அழுத்துவதற்குரிய பரப்பு குறைகிறது. அந்தச் சிறு வேறுபாடே தண்டை வெளியே தள்ளும் விசையாகும்.

குழாயின் மேல் 400 N என்பது போல் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். N என்பது நியூட்டன். 400 நியூட்டன் என்பது ஏறத்தாழ 41 கிலோ எடையைத் தாங்கும் விசை. தண்டின் குறுக்களவு 8 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், இந்த விசைக்கு உள்ளே ஏறத்தாழ 80 பார் அழுத்தம் வேண்டும். இது கார் டயரில் நாம் அடைக்கும் காற்றைப் போல் 30 மடங்குக்கும் மேற்பட்டது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் இறுதியில் இது மீண்டும் தேவைப்படும்.

தளர்ச்சியின் அடையாளங்கள்

தண்டு குழாயினுள் நுழையும் வாயில் ரப்பர் சீல் ஒன்று உள்ளது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேய்கிறது. தண்டில் துருவோ கீறலோ ஏற்பட்டால் தேய்மானம் இன்னும் விரைவாகும். எண்ணெய் கசியும், வாயுவும் சிறிது சிறிதாக வெளியேறும். ஆகவே தண்டு ஒரே நாளில் கைவிடுவது அரிது. பல நாட்களுக்கு முன்னரே அது நமக்கு அறிவிக்கிறது. முன்பு தானே உயர்ந்த கதவைக் கையால் தூக்கிவிட வேண்டியிருத்தல், முழுவதும் திறந்த பின் மெல்லத் தாழ்தல், குழாயின் வாயில் எண்ணெய்ப் பசை தென்படுதல் ஆகியவை அந்த அறிவிப்புகளாகும்.

நம் பகுதிக்கே உரிய ஓர் அடையாளமும் உண்டு. வாயு குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். 37 டிகிரி வெப்பத்தில் இருந்த தண்டு 24 டிகிரிக்கு வருமானால் அதன் விசை சுமார் 4 சதவீதம் குறைகிறது. நல்ல நிலையில் உள்ள தண்டுக்கு இது பொருட்டன்று. ஆனால் கதவின் எடையை மயிரிழையில் தாங்கிக்கொண்டிருக்கும் தளர்ந்த தண்டுக்கு இதுவே போதும். தென்காசியில் நண்பகலில் அசையாது நின்ற கதவு, 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்தின் சாரலில், கணவாய்க் காற்று ஒரு தள்ளுத் தள்ளியதும் இறங்கிவிடுவதன் காரணம் இதுவே. "வீட்டில் நன்றாகத்தானே நின்றது!" என்று அங்கே வியந்து பயனில்லை.

இந்நிலையில் பலரும் செய்வது, ஒரு கம்பையோ துடைப்பக் கட்டையையோ முட்டுக் கொடுப்பதாகும். ஈரத் தரையிலும் ஈர உலோகத்திலும் கம்பு வழுக்கும். ஓடி விளையாடும் குழந்தையின் தோள் பட்டாலும் விலகும். அப்போது கதவு மெல்ல இறங்காது, ஒரேயடியாக விழும். அதன் விளிம்பிலுள்ள பூட்டு உலோகம் தலையைப் பிளக்கவும், இடையில் அகப்பட்ட விரல்களை நசுக்கவும் வல்லது. முட்டுக் கம்பு அன்றைய பொழுதைக் கழிக்க உதவுமேயன்றி, சீசன் முழுவதற்கும் உதவாது.

மாற்றும் முறை

வாங்கும்போது வண்டியின் பெயரையும் ஆண்டையும் கூறி, அதற்குரியதையே வாங்க வேண்டும். நீளமும், அச்சிடப்பட்ட நியூட்டன் எண்ணும் பழையதுடன் பொருந்த வேண்டும். வலிமை மிகுந்தது நல்லதுதானே என்று எண்ணலாகாது. மிகையான விசை கீல்களை வருத்தும், கதவை மூடுவது கடினமாகும், திறந்தவுடன் எழும்பி முகவாயில் அடிக்கவும் கூடும். இரண்டையும் ஒருங்கே மாற்றுவதே முறை. ஒன்று புதியதும் மற்றொன்று தளர்ந்ததுமாக இருந்தால் கதவு ஒருபுறமாக முறுக்குண்ணும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டிக்கியிலுள்ள பொருள்களை இறக்கிவிட்டு, கதவை முழுமையாகத் திறக்க வேண்டும். பாதி திறந்த நிலையில் இவ்வேலை ஆகாது. புதிய தண்டு முழு நீளத்தில் நீண்டிருக்கும், அதனைக் கையால் அமுக்கிக் குறுக்குவது எளிதன்று. வலுவுள்ள ஒருவர் இரு கைகளாலும் கதவைத் தாங்கி நிற்க வேண்டும். அவருடைய பணி அது ஒன்றே. ஸ்குரூடிரைவரை எடுத்துக் கொடுப்பதற்காகக்கூட அவர் கையை எடுக்கலாகாது. குழந்தைகளை வீட்டினுள் இருக்கச் செய்யுங்கள்.

பெரும்பாலான வண்டிகளில் தண்டின் இரு முனைகளும் சிறு உலோகக் குண்டுகளின் மேல் கிண்ணம் போலப் பொருந்தியிருக்கும். கிண்ணத்தைச் சுற்றி ஒரு கம்பி கிளிப் உண்டு. தட்டையான சிறு ஸ்குரூடிரைவரால் அதனைச் சற்றே நெம்பி, கிண்ணத்தை நேராக வெளியே இழுத்தால் கழன்றுவிடும். கிளிப்பை முழுவதும் பிடுங்க வேண்டியதில்லை. சில வண்டிகளில் குண்டுக்குப் பதிலாக போல்ட் இருக்கும். அதற்கு ஸ்பேனர் தேவை.

ஒரு பக்கத்தைக் கழற்றிப் புதியதை மாட்டிய பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கதவின் முழு எடையும் தாங்கி நிற்பவர் மேல் இறங்கும். கதவு மூடியிருக்கும்போது மெல்லிய தண்டு கீழ்நோக்கியும், பருத்த குழாய் மேல்நோக்கியும் இருப்பது பொது விதி. அப்போதுதான் உள்ளேயுள்ள எண்ணெய் சீலின் மேல் தங்கி அதனை உலராமல் காக்கும். பழையது எவ்வாறு இருந்தது என்பதைக் கழற்றும் முன் பார்த்துக்கொள்வதும் நன்று. புதிய கிண்ணத்தைக் குண்டின் மேல் வைத்து அழுத்தினால் 'டக்' என்று பொருந்தும். பிறகு இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பளபளக்கும் தண்டைக் குறடால் பிடிக்கலாகாது. ஒரு கீறலே புதிய சீலைக் கெடுத்துவிடும். அதன் மேல் பெயிண்டோ கிரீஸோ பூசவும் வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே போதுமானது. இறுதியாகக் கதவைக் கையில் பிடித்தவாறு மெல்ல இறக்கி, எங்கும் உரசவில்லை என்று கண்ட பின்னரே பூட்ட வேண்டும்.

பழைய தண்டு எங்கே போகிறது?

வேலை முடிந்தது என்று நாம் கை கழுவும் நேரத்தில்தான் முக்கியமான ஒன்று எஞ்சி நிற்கிறது. கதவைத் தாங்க வலுவற்றுப் போன தண்டில் வாயு தீர்ந்துவிட்டது என்று பொருளன்று. விசை பாதியாகக் குறைந்திருந்தாலும், முன்னர் கண்ட கணக்கின்படி, அதனுள் 40 பார் அழுத்தம் எஞ்சியிருக்கும். நைட்ரஜன் எரியாது என்பது உண்மையே. ஆயினும் நெருப்பில் இட்டால் அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கும். வெட்டினாலோ துளையிட்டாலோ எண்ணெயும் உலோகத் துணுக்கும் கண்ணை நோக்கிப் பாயும். இது பிரித்துப் பழுதுபார்க்கும் பொருளன்று. குப்பையோடு சேர்த்து எரிக்கவும், பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்கவும் கூடாது.

பழைய தண்டுகளை மாற்றித் தரும் பணிமனையிலேயே ஒப்படைப்பது நலம். பழைய இரும்புக் கடைக்குத்தான் கொடுக்க வேண்டுமெனில், குழாயின் மேல் பெயிண்டால் "உள்ளே அழுத்த வாயு உண்டு, வெட்டாதீர், சூடாக்காதீர்" என்று எழுதி, கடைக்காரரிடம் வாயாலும் சொல்லிக் கொடுங்கள். அங்கே கேஸ் கட்டரைக் கையில் ஏந்தி அமர்ந்திருப்பவர் யாரோ ஒரு வீட்டின் மகன். எடைக்குப் போட்ட குவியலில் எந்தக் குழாயினுள் என்ன இருக்கிறது என்பதை அவர் அறியமாட்டார். கொடுத்தவரான நாம் அறிவோம்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றிவிட்டுச் செல்வதை நற்செயலாகக் கருதி வளர்ந்தவர்கள் நாம். நம் வீட்டாரின் தலைக்கு மேல் நிற்கும் கதவை உறுதி செய்யும் அக்கறை, அந்த அறியாத இளைஞரின் கண்களையும் சேர்த்துக் காப்பதாக இருக்கட்டும். இவ்வாண்டுச் சாரலுக்குப் புறப்படும் முன், ஒரு காலைப் பொழுதில், குளிர் விலகுமுன் டிக்கியைத் திறந்து, கையை அடியில் வைத்துக்கொண்டு, கதவு தானே நிற்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்தால் குற்றாலப் பயணத்திற்கு முன்னரே மாற்றிவிடுங்கள்.