நண்பகல் உறக்கமும் நாட்கூலியும்

தேவனூர் நாட்டில் மிளகு பறிப்பவர், உயர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறுகிறார். உணவுக்குப் பின் அவர் மரநிழலில் கண்ணயர்ந்தால் சோம்பேறி என்பீர்களா? தோட்டத்துக்குரியோர் பலர் அவ்வாறே கருதுவர். தூக்கக் கலக்கத்தோடு ஏணி ஏறுபவர் எத்தகைய ஆபத்தில் இருக்கிறார் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

மனித நடத்தையை ஆராயும் பொருளியலாளர் சிலர் இதனைச் சென்னையில் சோதித்துப் பார்த்தனர். 2021ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில், குறைந்த வருமானமுடைய 452 பேருக்குக் கணினியில் விவரங்களைப் பதியும் வேலை ஏறத்தாழ ஒரு மாத காலம் தரப்பட்டது. மணிக்கட்டில் கட்டிய கருவி அவர்களது உறக்கத்தை அளந்தது. இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர்கள் உறங்கியது ஐந்தரை மணி நேரமே! வெப்பமும் கொசுவும் தெரு இரைச்சலும் நிறைந்த வீடுகளில் வேறென்ன நடக்கும்?

சிலருக்குக் கண்மறைப்பு, காதடைப்பான் போன்ற உதவிகளும் ஊக்கத்தொகையும் அளித்து இரவு உறக்கத்தை நாளொன்றுக்கு 27 நிமிடம் கூட்டினர். வியப்பு என்னவெனில், அதனால் வேலைத்திறன் உயரவில்லை. ஆனால் பணியிடத்திலேயே பிற்பகலில் அரைமணி நேரம் உறங்க வாய்ப்புப் பெற்றோரின் வேலைத்திறனும் கவனமும் மனநலமும் மேம்பட்டன. அமைதியான இடத்தில் கலையாமல் உறங்கும் சிறு உறக்கம், கலைந்து கலைந்து கழியும் இரவினும் மேலாயிற்று போலும். நண்பகலில் சற்றே சாய்வதைக் ‘கைலூலா’ என்று நம் பெரியோர் போற்றியது நினைவுக்கு வருகிறது.

ஒன்றை மறைத்தல் முறையாகாது. அந்த அரைமணியும் வேலை செய்தோரைவிட, உறங்கியோர் ஈட்டிய வருவாய் குறைவு. திறன் கூடியது, வேலை நேரம் குறைந்தது. அப்படியானால் அவ்விழப்பைத் தாங்க வேண்டியவர் யார்? கூலிக்காரர் தலையில் அதனைச் சுமத்தினால் எவரும் உறங்கார். முதலாளியே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

அதே 2021இல்தான், கடை ஊழியர்க்கு இருக்கை தர வேண்டும் எனத் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்ட நாட்டில் பாய் விரிக்க யார் இடம் தருவார்? கடையோ பட்டறையோ வைத்திருக்கும் வாசகரே, கூலியைப் பிடிக்காமல் ஒரு மாதம் அந்த அரைமணியைக் கொடுத்துப் பாருங்கள். கணக்கேட்டில் என்ன தெரிகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.