பிளாஸ்மா விளக்கும் பூக்காத செடியும்

பூச்செடிக்கு எந்த விளக்கு நல்லது என்று எங்கள் அடுக்ககத்தில் நடக்கும் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. "பிளாஸ்மா குரோ லைட் வந்தாச்சு சார், டியூப்லைட்டை எல்லாம் இனி குப்பையில் போட வேண்டியதுதான்" என்கிறார் ஒருவர். "சூரியனையே வீட்டுக்குள்ள கொண்டுவந்த மாதிரி" என்கிறார் இன்னொருவர். அவருடைய பையன் அமெரிக்காவிலிருந்து ஒன்று அனுப்பப் போகிறானாம். வீட்டில் இருப்பதோ மூன்று தொட்டி ஆப்பிரிக்கன் வயலட், இரண்டு ஆந்தூரியம், ஒரு பாயின்செட்டியா. இதற்குப் போய் சூரியனைக் கூப்பிடுகிறார்கள்!

நான் டியூப்லைட் கட்சி. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்த மாதிரிப் பெயரைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். வாயுவுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிட்டால் அதுதான் பிளாஸ்மா. நம் வீட்டு டியூப்லைட்டுக்குள் பாதரச ஆவி செய்வதும் அதே வேலைதான். நேற்றுவரை தெருவில் மஞ்சளாய் எரிந்த சோடியம் விளக்குக்குள்ளும் அதேதான். இவர்கள் குப்பையில் போடச் சொல்கிற விளக்கும் பிளாஸ்மா விளக்குதான். சொல் புதிதாக இருந்தால் விலையையும் கூட்டலாம் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அந்த விளக்கில் சரக்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் மேரிலாந்தில் 1990 வாக்கில் உருவான கந்தக விளக்கு அசலான பொறியியல் சாதனை. கோல்ஃப் பந்து அளவில் ஒரு குவார்ட்ஸ் குமிழி. உள்ளே கொஞ்சம் கந்தகமும் ஆர்கான் வாயுவும். இழை கிடையாது, மின்முனை கிடையாது. மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கிற அதே மேக்னெட்ரானை வைத்து வெளியிலிருந்தே அதை எரிய வைப்பார்கள். எரியும்போது குமிழியைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் குவார்ட்ஸே உருகிவிடும். 1994-ல் வாஷிங்டனில் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒளி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குமிழி வருஷக்கணக்கில் தாங்கினாலும் மேக்னெட்ரான் அதற்கு வெகு முன்பே போய்விடும். பிறகு மேக்னெட்ரானுக்குப் பதில் ரேடியோ அலைச் சில்லு வைத்துச் சின்னதாகச் செய்தார்கள். செடிக்காரர்களிடம் வந்து சேர்ந்தது இதுதான். ஆராய்ச்சிக்கூடத்திலும் பெரிய பசுமைக்குடிலிலும் இதற்கு இடம் உண்டு, மறுக்கவில்லை. என் சண்டை இதை வரவேற்பறைக்குள் கொண்டுவருகிறவர்களோடுதான்.

கரண்ட் பில்லை எடுத்துக்கொள்வோம். செடிகளுக்கென்று வந்த பிளாஸ்மா விளக்குகள் 270, 300 வாட் என்றுதான் வந்தன. 270 வாட் விளக்கைத் தினம் 12 மணி நேரம் எரித்தால் நாளுக்கு 3.24 யூனிட், நம் இரண்டு மாதக் கணக்கில் 194 யூனிட். பழைய சோக் வைத்த டியூப்லைட்டுக்கு 50 வாட் என்று தாராளமாகவே போட்டாலும் 36 யூனிட்தான். 20 வாட் எல்.ஈ.டி. பேட்டன் என்றால் 15 யூனிட்கூட வராது. போதாக்குறைக்கு அந்த 270 வாட்டும் கடைசியில் சூடாக மாறி அறைக்குள்ளேயேதான் கிடக்கும். ஏப்ரல், மே மாதத்தில் அதைத் தணிக்க ஏ.சி. போட வேண்டும். அந்த யூனிட்டை யார் கணக்கில் எழுதுவது?

"வெளிச்சம் அதிகம் கிடைக்குமே?" என்பார்கள். கிடைக்கும், வாட் அதிகம் என்பதால். ஒரு வாட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கந்தக விளக்கு பெருமையாகச் சொல்லிக்கொண்டது வாட்டுக்கு 100 லூமன் அளவு. இன்று தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 20 வாட் பேட்டனின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், 2000 லூமன் என்று போட்டிருக்கும். அதே 100தான். லூமன் நம் கண்ணுக்கான அளவு, செடி எண்ணுவது ஃபோட்டான்களை என்பது உண்மை. அந்தக் கணக்கிலும் 2014-ல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நெல்சனும் பக்பியும் அளந்து பார்த்தார்கள். ஒரு ஜூல் மின்சாரத்துக்குச் சிறந்த சோடியம் விளக்கும் சிறந்த எல்.ஈ.டி.யும் சுமார் 1.7 மைக்ரோமோல் கொடுத்தன. டியூப் வகை 0.95. டியூப் பின்தங்கியதுதான், ஒளிக்கவில்லை. ஆனால் அதை முந்தியது எல்.ஈ.டி. இன்று நல்ல எல்.ஈ.டி. செடி விளக்குகள் 2.5-ஐயும் தாண்டிவிட்டன. டியூப்பை மாற்றத்தான் வேண்டும் என்றால் போக வேண்டிய திசை அது.

இதெல்லாம் காசுக் கணக்கு. பூக்கணக்கு வேறு. விளக்கு விற்கிறவர்கள் வாயே திறக்காத விஷயம் அதுதான்.

பல செடிகள் பூப்பது வெளிச்சத்தால் அல்ல, இருட்டால். 1920-ல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு புகையிலை ரகம் கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போவது ஏன் என்று ஆராய்ந்து, பகல் நீளம்தான் காரணம் என்று எழுதினார்கள். நீண்ட இரவுதான் செடிக்குச் சைகை என்பது பின்னால் தெளிவானது. கிறிஸ்துமஸ் சமயத்தில் நர்சரியில் சிவப்புச் சிவப்பாய் வருமே, அந்தப் பாயின்செட்டியாவுக்குத் தினம் சுமார் 14 மணி நேரம் தொடர்ந்து இருட்டு வேண்டும், அதுவும் இரண்டு மாதத்துக்குக் குறையாமல். கலஞ்சோவும் அதே ஜாதிதான். நண்பரோ காலை ஆறு முதல் இரவு பத்து வரை விளக்கைப் போடத் திட்டம் வைத்திருக்கிறார். செடி கொழுகொழுவென்று பச்சையாய் நிற்கும். ஒரு இலைகூடச் சிவக்காது. மூன்றாவது மாதம் "உரம் போதவில்லை" என்று உரக்கடைக்குப் போவார்.

நம் ஓசூர்ப் பக்கத்துச் செவ்வந்திக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ராத்திரியில் அந்தப் பக்கம் போனவர்கள் குடில்களுக்குள் வரிசையாய் பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பூக்க வைக்க அல்ல, காம்பு நீளும்வரை பூக்காமல் நிறுத்தி வைக்க! நடு இரவில் சில மணி நேரம், 100 லக்ஸ் இருந்தால் போதும். எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் அந்த வெளிச்சம் காணும். இதைச் சாதிக்க ஒரு காலத்தில் குண்டு பல்பே போதுமாயிருந்தது. இலை வளர்க்க அதைப்போல் உதவாத விளக்கு வேறில்லை, முக்கால்வாசிக்கு மேல் சூடுதான். ஆனாலும் அதில் இருக்கிற சிவப்பு இந்த ஒரு வேலைக்குக் கச்சிதம். வேலை என்ன என்று பார்த்து விளக்கைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள்.

ஆப்பிரிக்கன் வயலட் விஷயத்தில் தகராறே இல்லை. உலகம் முழுவதும் வயலட் வளர்க்கிறவர்கள் டியூப்லைட் ஸ்டாண்டில் வைத்தே பரிசு வாங்கியிருக்கிறார்கள். செடிக்கு ஓர் அடி மேலே இரண்டு டியூப், 12 மணி நேரம். நம் ஆட்கள் உத்தரத்தில் விளக்கை மாட்டிவிட்டு, எட்டடி கீழே தரையில் செடியை வைத்து, "டியூப்லைட் சரியில்லை" என்கிறார்கள்.

அந்த நண்பருக்கு என் பதில் இதுதான். பையனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இங்கேயே இரண்டு வெள்ளை பேட்டனும் ஒரு டைமரும் வாங்குங்கள். வயலட் தட்டுக்கு ஓர் அடி மேலே கட்டித் தொங்கவிட்டு, காலை ஏழிலிருந்து இரவு ஏழு என்று டைமரை வையுங்கள். ஆந்தூரியம் ஜன்னலோரமே இருக்கட்டும். பாயின்செட்டியாவை மட்டும் அக்டோபர் முதல் தேதியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியால் மூடி, காலை ஏழுக்குத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். பெட்டி என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.