மயிற்பொறியும் பெட்ரோல் தகரமும்

'தமிழரின் அறிவியல்' என்ற பொருளில் நடக்கும் கருத்தரங்குகளில் ஒரு மயில் தவறாமல் பறந்து வருகிறது. சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் சச்சந்தன் தன் தேவி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறிதான் அது. கட்டுரையாளர் அதை விவரிக்கிறார். வலமாகத் திருகினால் எழும், இடமாகத் திருகினால் இறங்கும் என்கிறார். ஆகவே ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் விமானம் ஓட்டினான் என்று முடிக்கிறார். அவையோர் கைதட்டுகின்றனர். கட்டுரை தொகுப்பு நூலில் அச்சாகிறது. அடுத்த ஆண்டு வேறொருவர் அதை மேற்கோள் காட்டுகிறார்.

இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இந்த மயிலின் மீது எனக்கு இரண்டு வழக்குகள் உண்டு. காப்பியத்துக்கு அது இழைக்கும் தீங்கு ஒன்று. வரலாற்றுக்கு இழைக்கும் தீங்கு மற்றொன்று.

முதல் வழக்கு. திருத்தக்கதேவர் அந்தப் பொறியை ஏன் படைத்தார்? காமத்தில் ஆழ்ந்து, ஆட்சியைக் கட்டியங்காரனிடம் ஒப்படைத்த அரசன், அழிவு நெருங்கியபின் செய்ய முடிந்தது அது ஒன்றே. நாட்டைக் காக்கத் தவறியவன், வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் மனைவியை மட்டும் ஒரு பொறியில் ஏற்றி அனுப்புகிறான். அது சென்று இறங்குவது சுடுகாட்டில். நாடாள வேண்டிய சீவகன் பிணம் எரியும் இடத்தில் பிறக்கிறான். அரச வாழ்வின் நிலையாமையை இதைவிடக் கூர்மையாக ஒரு சமணத் துறவி எப்படிச் சொல்லிவிட முடியும்? இத்தனையையும் ஒதுக்கிவிட்டுத் திருகாணியை மட்டும் கையில் எடுத்துக்கொள்பவர் காப்பியத்தைப் போற்றுபவர் அல்லர். காப்பியத்தைப் பழைய இரும்புக் கடையாக்குபவர்.

இந்நோய் தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் 'வைமானிக சாஸ்திரம்' என்றொரு நூலை வேதகாலத்து விமான நூலாகக் கொண்டாடினார்கள். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1974-இல் அதை ஆராய்ந்தனர். அந்நூல் 1904-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அதில் கண்ட ஊர்திகள் பறக்கும் தகுதி உடையன அல்ல என்று எழுதினர். ஆயினும் 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் அதே விமானங்கள் மீண்டும் மேடையேறின. அதைக் கேட்டு நகைத்த நம்மவர் பலர், மயிற்பொறி பற்றிய கட்டுரைக்கு மட்டும் எழுந்து நின்று கைதட்டுகின்றனர். வடமொழியில் சொன்னால் மூடநம்பிக்கை, தமிழில் சொன்னால் தொன்மையா?

இரண்டாம் வழக்கே பெரிது. இல்லாத விமானத்தைப் பாடிக்கொண்டிருப்பதால், நம் மண்ணில் உண்மையாகவே வந்திறங்கிய விமானங்களை நாம் மறந்துவிட்டோம்.

சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவரை எத்தனை பேருக்குத் தெரியும்? கார்சிகத் தீவைச் சேர்ந்த அவர், தாமே வரைந்த அமைப்பின்படி சிம்ப்சன் நிறுவனத்தில் ஒரு விமானம் செய்வித்து, 1910 மார்ச்சில் சென்னையில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழாண்டுகூட முழுமையாக நிறையாத காலம் அது. வண்டி கட்டும் தொழிலாளர் கைகள் இங்கே விமானம் கட்டின. தமிழரின் பொறித்திறன் பற்றிப் பேச விரும்புவோர் தொடங்க வேண்டிய இடம் அந்தப் பட்டறை.

அடுத்து, 1932. லண்டனிலிருந்து கராச்சி வரைக்கும் இம்பீரியல் ஏர்வேஸ் 1929 மார்ச் முதல் அஞ்சல் கொண்டுவந்தது. கராச்சியிலிருந்து தெற்கே அதைக் கொண்டுசெல்லும் திட்டத்தை வகுத்தவர் நெவில் வின்சென்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர். அதை ஏற்றுப் போராடி நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜே. ஆர். டி. டாட்டா. அரசிடம் மானியம் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. மானியமே வேண்டாம், சுமக்கும் அஞ்சலின் எடைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று இறங்கிவந்தபிறகுதான் ஒப்பந்தம் கிடைத்தது. போட்ட முதல் இரண்டு இலட்சம் ரூபாய். வாங்கியவை 'புஸ் மாத்' எனும் ஒற்றை எஞ்சின் விமானங்கள் இரண்டு. பம்பாயில் தளமாக அமைந்தது ஜுஹுவின் சேற்றுத்திடல். மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கும். அப்போது பூனாவுக்கு இடம்பெயர வேண்டும்.

1932 அக்டோபர் 15 அன்று டாட்டா ஏறத்தாழ 25 கிலோ அஞ்சலுடன் கராச்சியிலிருந்து புறப்பட்டார். ஆமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்தது, நான்கு காலன் தகரங்களில். அதை நிரப்பிக்கொண்டு பம்பாய் சேர்ந்தார். இதுவரை எல்லோரும் அறிந்த கதை.

ஆனால் அஞ்சல் பம்பாயுடன் நின்றுவிடவில்லை. அங்கே அதை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தவர் வின்சென்ட். தடத்தின் பெயரே கராச்சி–சென்னைத் தடம்தான். பொன்விழாவின்போது, 1982 அக்டோபர் 15-இல், எழுபத்தெட்டு வயது டாட்டா மீண்டும் தனியே பறந்து காட்டினார். அப்போதும் கராச்சியிலிருந்து பம்பாய் வரைக்குமே. பம்பாய்க்காரர்கள் தங்கள் பாதியைக் கொண்டாடினார்கள், அது அவர்கள் உரிமை. நம் பாதியைக் கொண்டாட வேண்டியவர்கள் யார்? நாம்தான். அப்போது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? மயிலை வலமாகத் திருகிக்கொண்டிருந்தோம்.

முதலாண்டில் அந்தச் சிறு நிறுவனம் 1,60,000 மைல் பறந்தது. 155 பயணிகளையும் பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவான அஞ்சலையும் சுமந்தது. அறுபதாயிரம் ரூபாய் இலாபம் கண்டது. இந்திய வணிக விமானப் போக்குவரத்து பயணிகளை நம்பி எழவில்லை, கடிதங்களை நம்பி எழுந்தது என்பதை இவ்வெண்கள் சொல்கின்றன. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது ஒரு பொருட்டாகப் படவில்லை என்பதே என் வியப்பு.

தமிழகத்தின் பங்கு அத்துடன் முடியவில்லை. கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானை விமான நிலையத்தில் 1935 நவம்பர் 27-இல் முதன்முதலாக இறங்கிய விமானத்தை ஓட்டிச் சென்றவர், சென்னை பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ. 1938-இல் கராச்சி–சென்னைத் தடம் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. பேரரசு வான் அஞ்சல் திட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த ஆண்டும் அதுவே. அந்த நிறுவனம்தான் 1946-இல் ஏர் இந்தியா ஆயிற்று; 1953-இல் நாட்டுடைமையாயிற்று; 2022 ஜனவரியில் மீண்டும் டாட்டா குழுமத்திடம் திரும்பிற்று. வின்சென்ட் அவற்றையெல்லாம் காணவில்லை. 1942-இல், போர்க்காலத்தில், அவர் சென்ற விமானம் திரும்பவேயில்லை.

உலகில் பிறர் எப்படி நடந்துகொள்கின்றனர் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி, 1920-இன் திரியானோன் உடன்படிக்கையால் தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. போர் விமானங்கள் வைத்திருக்கவும் தடை. அந்த நிலையில் 1922-இல் 'மலேர்ட்' என்னும் பயணியர் விமான நிறுவனத்தைத் தொடங்கி, புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்குப் பறந்தார்கள். 1937-இல் புடவூர்ஷ் விமான நிலையத்தைத் திறந்தார்கள். அதன் முனையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஹங்கேரியரிடமும் வீரகாதைகள் உண்டு. பறக்கும் குதிரைகள் அவர்களுடைய நாட்டார் கதைகளிலும் வருகின்றன. ஆனால் கதைக் குதிரையைக் காட்டி மலேர்டின் வரலாற்றுக்கு ஈடாக வைப்பதில்லை. குதிரை கதையில் இருக்கிறது, விமானம் வரலாற்றில் இருக்கிறது. இரண்டுக்கும் இழுக்கில்லை.

'டாட்டா பார்சி, வின்சென்ட் வெள்ளையர், டி ஏஞ்சலிஸ் கார்சிகர். இதில் தமிழர் வரலாறு எங்கே?' என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். விமானி மட்டும்தான் வரலாறா? சிம்ப்சன் பட்டறையில் மரமும் இரும்பும் இழைத்தவர் யார்? சென்னையில் அஞ்சல் பையை இறக்கிப் பிரித்தவர் யார்? திருச்சியில் தளம் சமன் செய்தவர் யார்? அவர்கள் பெயர்கள் நமக்குக் கிடைக்காமைக்குக் காரணம் அவர்கள் இல்லாமையன்று, நாம் தேடாமை. மன்னன் பெயரை மட்டும் எழுதிச் சென்ற பழைய புலவரைக் குறை சொல்லும் நாம், விமானியின் பெயரைக்கூட எழுதாமல் இருக்கிறோம்.

'இலக்கிய ஆசிரியனுக்கு இது என்ன வேலை?' என்பது அடுத்த கேள்வி. வேலை நிரம்ப உண்டு. கராச்சி–சென்னைத் தடம் தொடங்கிய 1932-இல்தான் கலைமகள் தொடங்கியது. மறு ஆண்டு மணிக்கொடி, அதற்கடுத்த ஆண்டு தினமணி. தற்காலத் தமிழ் உரைநடை தன் உருவைக் கண்டடைந்த ஆண்டுகளும் வான் அஞ்சல் வந்த ஆண்டுகளும் ஒன்றே. ஆகாய விமானம் என்றும், வானவூர்தி என்றும் நாம் பெயரிட்டழைத்த இந்தப் பொருள் அன்றைய கதைகளில், தலையங்கங்களில், விளம்பரங்களில் எப்படி நுழைந்தது? வியப்பாகவா, அச்சமாகவா, கேலியாகவா? ரோஜா முத்தையா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் உட்கார்ந்து ஒரு மாணவர் மூன்றாண்டு உழைத்தால் அருமையான முனைவர் பட்ட ஆய்வேடு கிடைக்கும். ஆனால் நம் துறைகளில் மயிற்பொறிக்கு நெறியாளர் கிடைப்பார், இதற்குக் கிடைக்கமாட்டார்.

இண்டூரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1932-இல் லண்டனிலிருந்து வான்வழி வந்த ஒரு கடிதம் எங்கள் பக்கம் வந்து சேர வேண்டுமானால், சென்னையில் விமானத்திலிருந்து இறங்கி, பெரிய இரயிலில் மொரப்பூர் வந்து, அங்கிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை இரயிலில் ஏற வேண்டும். 1906-இல் திறந்த அந்தச் சிறு இரயில் 1941-இல் மூடப்பட்டது. அப்படியோர் இரயில் ஓடியதையே என் மாணவர்களுள் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை. அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை மட்டும் எல்லோரும் அறிவார்கள். இரண்டையும் அறிந்திருப்பதல்லவா கல்வி?

பக்கத்து மாவட்டத்து ஓசூரில் இரண்டாயிரம் ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. அது என்று திறக்கப்பட்டாலும், திறப்பு விழா மலருக்குத் தமிழ்த் துறையினரிடம் ஒரு கட்டுரை கேட்பார்கள். மயிற்பொறிக் கட்டுரை அச்சுக்கு ஆயத்தமாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்குள் நம்முள் ஒருவரேனும் பெல்லாரி வழியாக வந்த அந்த அஞ்சல் பையைப் பற்றி நாலு பக்கம் எழுதி வைத்துவிட வேண்டும். திருத்தக்கதேவருக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுதான்.