நெல்லையில் இறங்கிய பிறகு

பாபநாசத்துக்கு டிக்கெட் கேட்டால் ரயில்வேக்காரர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள். ஆனால் அந்த டிக்கெட்டை நம்பிப் போகிறவர், பொதிகை மலையையும் அருவியையும் எதிர்பார்த்துக் கண் விழித்தால், சுற்றிலும் காவேரிப் பாசனத்து நெல் வயல்களையே காண்பார். ரயில் நிலையம் உள்ள பாபநாசம் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. தாமிரவருணி மலையை விட்டு இறங்கும் பாபநாசத்துக்கு ரயில் கிடையாது. அம்பாசமுத்திரத்தில் இறங்கிச் சாலை வழியாகப் போக வேண்டும். குற்றாலத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். இன்று மயிலாடுதுறை என்று வழங்கும் மாயூரத்துக்கு அருகில் குத்தாலம் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கி அருவியைத் தேடினால் ஊரார் என்ன நினைப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இதையெல்லாம் விசாரித்துக் கொண்டு, நேராகத் திருநெல்வேலிக்கே வந்து இறங்கி, அங்கிருந்து மோட்டாரில் ஆற்றங்கரை ஊர்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் புத்திசாலிகள். அவர்களுக்கு உள்ள தொல்லை வேறு. திருநெல்வேலி என்பது ஒரே ஊர் அல்ல. ரயில் நிற்கும் இடம் ஜங்ஷன். நெல்லையப்பர் கோயில் கொண்டிருப்பது அதற்கு மேற்கே டவுனில். ஆற்றுக்குக் கிழக்கே பாளையங்கோட்டை. வெளியூர் பஸ்கள் வந்து நிற்கும் புதிய நிலையமோ வேய்ந்தான்குளத்தில். உள்ளூர்க்காரர் "பஸ் ஸ்டாண்டு" என்று சொல்லும்போது அவர் மனத்தில் ஓர் இடம் இருக்கும். கேட்பவர் மனத்தில் வேறோர் இடம் இருக்கும்.

சென்னை நண்பர் ஒருவர் சென்ற வருஷம் தம் வயதான தாயாரை நவதிருப்பதி யாத்திரைக்கு அழைத்து வந்தார். அந்த அம்மாள் பத்து வருஷமாக நினைத்து நினைத்து ஏங்கிய யாத்திரை அது. ரயில் நேரத்தோடு வந்தது. பேசி வைத்த மோட்டாரைத்தான் காணவில்லை. டிரைவரோ, தாம் அரைமணியாகக் காத்துக் கொண்டிருப்பதாக டெலிபோனில் சத்தியம் செய்தார். சத்தியம் பொய்யல்ல. அவர் காத்திருந்தது வேய்ந்தான்குளத்தில். இவர்கள் நின்றது ஜங்ஷன் வாசலில். ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, சாமான்களை ஏற்றி, காப்பி சாப்பிட்டுப் புறப்படும்போது மணி பத்து.

இரண்டு மணி நேரம் போனால் என்ன என்று கேட்கலாம். ஸ்ரீவைகுண்டம் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஒன்பது கோயில்களும் ஆற்றின் இரு கரையிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. உச்சி வேளைக்கு நடை சாத்தினால், மறுபடி திறப்பது சாயங்காலந்தான். நண்பரின் தாயார் இரண்டு பெருமாள்களைச் சேவித்தார். மூன்றாவது கோயிலில் சாத்திய கதவைச் சேவித்தார். மாலையில் மேலும் இரண்டு ஸந்நிதி. அன்று இரவே ஊருக்குத் திரும்ப டிக்கெட் வாங்கியிருந்தபடியால் மற்ற ஐந்தும் நின்று போயின. "பெருமாள் இங்கேதானே இருக்கப் போகிறார்!" என்று மகன் சமாதானம் சொன்னார். "அவர் இருப்பார், அப்பா" என்றாராம் அந்த அம்மாள்.

இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள் மேலே போக வகையின்றித் திகைப்பது புதிதல்ல. 1843-க்கு முன்னால் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே பாலம் இல்லை. படகுக்காகக் கரையில் காத்து நிற்க வேண்டும். யார் முதலில் ஏறுவது என்று சச்சரவு. வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் (பெயரைக் கண்டு பெண்மணி என்று எண்ண வேண்டாம்) தம் கைப்பணத்தைப் போட்டுப் பதினொரு வளைவுகள் கொண்ட பாலத்தைக் கட்டி வைத்தார். இன்றும் அதன் மீது வண்டிகள் போய்க் கொண்டிருக்கின்றன. உத்தியோகஸ்தர்கள் பணம் சேர்த்த கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். பணத்தை இப்படி ஆற்றில் போட்டவர் கதை அபூர்வம்.

ஆனால் ஆறு பாலத்துக்கு அடங்கியது அன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இப்பக்கத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ், சுமார் 800 பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. நிறுத்தியது தெய்வச் செயல் என்றே சொல்ல வேண்டும். அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கிக் கொண்டிருந்தது. சாலைகளும் துண்டிக்கப்பட்டன. அருகில் உள்ள புதுக்குடிக் கிராமத்து ஜனங்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் தவித்த நிலையில், அரிசி கொண்டு வந்து உலை வைத்து முன்பின் அறியாத அத்தனை பேருக்கும் சோறு போட்டார்கள். 19-ஆம் தேதிதான் பிரயாணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சிநாதன் பெயரைத் தாங்கி நிற்கும் மணியாச்சிச் சந்திப்பிலிருந்து விசேஷ ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரையில் இப்பக்கம் வர உத்தேசித்திருப்பவர்கள், மோட்டார்க்காரரிடம் "ஜங்ஷன் ரயில்வே ஸ்டேஷன் வாசல்" என்று மூன்று தடவை சொல்லி வைக்கட்டும். திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளி வாங்கட்டும். அந்த நாள் மிஞ்சிப் போனால் வீணாகாது. டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை இருக்கிறது. காலையில் போனால் பூட்டைத்தான் பார்க்கலாம். அல்வா வேண்டுமானால் சாயங்காலம் வரையில் ஊரில் இருந்தாக வேண்டும்.