நோய் பயத்தில் வளர்த்த பிராணியைக் கைவிடாதீர்கள்: எங்கள் நிலைப்பாடு

வீட்டு நாய், பூனையிடமிருந்து மனிதருக்கு நோய் வருமா, மனிதரிடமிருந்து அவற்றுக்குப் போகுமா என்று எங்களிடம் தொடர்ந்து கேட்கிறார்கள். கால்நடை மருத்துவர்களும் பொதுநல மருத்துவர்களும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பின் பதில்: வரும், போகவும் செய்யும். ஆனால் நம் வீடுகளில் உண்மையில் பார்க்கும் இத்தகைய நோய்கள் கொஞ்சமே. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, சோப்பு இந்த மூன்றைக் கொண்டே தடுத்துவிடலாம். ஆகவே நோயைக் காரணம் காட்டி வளர்த்த பிராணியைத் தெருவில் விடுவதை எதிர்க்கிறோம். 'நம்ம வீட்டு நாய்தானே, ஒன்றும் ஆகாது' என்று ஊசியைத் தள்ளிப்போடுவதையும் அதே அளவுக்கு எதிர்க்கிறோம்.

உயிரைப் பறிக்கும் ரேபிஸைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதற்குப் பலியாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் வழியாகவே வருகிறது. அறிகுறி தென்பட்ட பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அறிகுறிக்கு முன்பு ஊசி போட்டுக்கொண்டால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றலாம். 1907 முதல் குன்னூரில் ரேபிஸ் சிகிச்சைக்கான பாஸ்டர் நிறுவனம் இருக்கும் மாநிலம் இது. இங்கே இன்னமும் நாய்க்கடிக்கு மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு மந்திரிக்கப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்ற பயமும் சிலரைத் தடுக்கிறது. அந்தப் பழைய மருந்தை நாடு கைவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போட்ட நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்கள் என நான்கு தடவை போனால் போதும்.

கடித்தவுடன் செய்ய வேண்டியது குழாயடியில் இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு, காயத்தை ஓடும் தண்ணீருக்கு நேரே பிடித்து, சோப்பு நுரைக்க நுரைக்க 15 நிமிடம் கழுவ வேண்டும். பல் இறங்கிய குழிக்குள்ளும் தண்ணீர் போக வேண்டும். குழந்தை வலியில் அழும், பாட்டி 'போதும் விடு' என்பார், விடக்கூடாது. ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். ஆழமான காயம் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றியே செலுத்த வேண்டும். தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பு உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிருமியைத் தடுத்து நிறுத்துவது இந்த மருந்துதான். கடித்தது மூன்று மாதம்கூட ஆகாத குட்டி என்றாலும், தடுப்பூசி போட்ட வீட்டு நாய் என்றாலும் சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள். கடித்த நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மற்ற நோய்கள் இந்த அளவுக்குக் கொடியவை அல்ல, அலட்சியப்படுத்தக்கூடியவையும் அல்ல. குழந்தையின் கையில் வட்ட வட்டமாகப் படர்தாமரை வந்து, களிம்பு தடவியும் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கைக் குட்டியின் காதோரம் காட்டினால், பூஞ்சை பிடித்த முடிகள் பல நேரம் பச்சையாக ஒளிரும். பெற்றோர் அதைத் தம் கண்ணாலேயே பார்க்கலாம். குழந்தைக்கும் குட்டிக்கும் ஒன்றாக மருந்து கொடுத்து, படுக்கை விரிப்பையும் துவைத்தால் தீர்ந்துவிடும். நாயின் கொக்கிப்புழு லார்வா மணலிலிருந்து வெறுங்காலில் ஏறித் தோலுக்கடியில் சிவப்புக் கோடாக ஊர்ந்து அரிப்பெடுக்கும். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீராலும் பரவலாம். நாய்க்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கும் மருந்து உண்டு.

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் பூனையைத் துரத்தச் சொல்லும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரும் என்பது சரி. ஆனால் அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். கழிவுத் தட்டை வீட்டில் வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். சரியாக வேகாத இறைச்சியாலும் கழுவாத காய்கறியாலும்கூட இந்தக் கிருமி வருகிறது. அந்தப் பக்கமும் கவனம் வேண்டும்.

நம்மிடமிருந்து அவற்றுக்குப் போவதை யாரும் பேசுவதில்லை. 2021 ஜூனில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. போபால் ஆய்வகச் சோதனையில் தெரிந்தது, அப்போது மனிதரிடையே பரவிக்கொண்டிருந்த டெல்டா வகையே. அடைப்பைவிட்டு வெளியே வராத விலங்குகளுக்கு அது மனிதர் வழியாகத்தான் வந்திருக்கும் என்று கருத வேண்டியிருக்கிறது. வீட்டு நாய், பூனைகளிலும் இப்படித்தான்: பெரும்பாலும் நோயுற்ற மனிதரிடமிருந்தே அவற்றுக்குப் போனது. அந்த நாள்களில் 'இதனால் நமக்கு வந்துவிடும்' என்று அவற்றைத் தெருவில் விட்டவர்கள் உண்டு. அது அநியாயம். ஃப்ளூவும் காசநோயும்கூட மனிதரிடமிருந்து அவற்றுக்குத் தொற்றக்கூடும். இந்த நோய்களுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர், மருத்துவர் சொல்லும்வரை நாயைக் கொஞ்சுவதையும் பக்கத்தில் படுக்கவைப்பதையும் நிறுத்திவைக்கட்டும். சாப்பாடு வைப்பதை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். நாய்க்கு வரும் பார்வோ மனிதருக்கு வராது. நம் டெங்கு நாய் கடித்து வருவதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் பயப்படுவதும் பெரிய துன்பம்.

கைவிடுவதைச் சுகாதாரக் காரணத்துக்காகவே நாங்கள் எதிர்க்கிறோம். வெளியேற்றப்பட்ட நாய்க்கு அடுத்த ஆண்டு ஊசி போட ஆளில்லை. அது தெருவில் சண்டையிட்டுக் கடிபடும். பெட்டையானால் ஊசி போடாத குட்டிகளை ஈனும். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் ரேபிஸ் சங்கிலி அறுந்துவிடும். கோவாவில் ஆண்டுதோறும் தெருத் தெருவாகப் போய் நாய்களுக்கு ஊசி போட்டே மனித மரணங்களை நிறுத்திக் காட்டினார்கள். 2021-ல் அது ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் உள்ளாட்சிகள் கருத்தடையோடு இந்த வேலையையும் ஆண்டுதோறும், விட்டுப்போகாமல் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம்.

காய்ச்சலோ தோல்நோயோ வந்தவரிடம் 'வீட்டில் பிராணி உண்டா' என்று கேட்பதை மருத்துவர்கள் வழக்கமாக்க வேண்டும். கால்நடை மருத்துவர்களும் வீட்டாரின் உடல்நலத்தை விசாரிக்க வேண்டும். புற்றுநோய் மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் என நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் உள்ள வீடுகளில் இரு மருத்துவர்களும் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டும். வளர்க்க வழியே இல்லையென்றால் பிராணியைத் தடுப்பூசி அட்டையோடு இன்னொரு வீட்டில் ஒப்படையுங்கள். நாய்க்கடிக்கு வருபவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பும் நிலை இனி இருக்கக்கூடாது. தடுப்பூசி எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், இம்யூனோகுளோபுலின் ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும், ஞாயிற்றுக்கிழமை இரவிலும் கிடைக்க வேண்டும்.