பயங்கரக் கையும் திருட்டுக் கையும்

டைனோசர் என்றாலே 'ஜுராசிக் பார்க்' படத்தில் ஜீப்பைத் துரத்தும் டி-ரெக்ஸ்தான் என்று நினைத்துக் கொண்டிருக்கும் ஆசாமிகளுக்கு டெய்னோகைரஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயருக்கு அர்த்தம் 'பயங்கரக் கை'. ஏன் அப்படி ஒரு பெயர்? முதலில் கிடைத்ததே கை மட்டும்தான்!

1965-ல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் போலந்து-மங்கோலிய ஆய்வுக்குழுவின் ஸோஃபியா கீலன்-யாவரோவ்ஸ்கா அதைக் கண்டெடுத்தார். இரண்டு கைகள், தோள் எலும்புகள், இன்னும் சில துண்டு துக்கடாக்கள். அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கையும் 2.4 மீட்டர் நீளம்! 1970-ல் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 50 வருடம் ஆளாளுக்கு ஒரு ஊகம். டி-ரெக்ஸையே மிஞ்சும் வேட்டை மிருகமோ என்று சிலர். ஸ்லாத் மாதிரி மரத்தில் தொங்கியிருக்குமோ என்று ஒருவர்.

விடை 2014 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வந்தது. சுமார் 11 மீட்டர் நீளம், 6 டன்னுக்கு மேல் எடை, முதுகில் திமில், வாத்து மாதிரி பல் இல்லாத வாய். வயிற்றுப் பகுதியில் இரை அரைக்க உதவிய 1,400-க்கும் மேற்பட்ட கூழாங்கற்கள், கூடவே மீன் மிச்சங்கள். எந்த ஊகமும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை :)

கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விடை வந்து சேர்ந்த கதை ஜாலியானது இல்லை.

2009-ல் கொரிய-மங்கோலியக் குழு கோபியில் இன்னொரு டெய்னோகைரஸைத் தோண்டியபோது, அவர்களுக்கு முன்பே யாரோ அங்கே வந்து போயிருந்தார்கள். மண்டை ஓடு இல்லை. கைகள் இல்லை. பாதங்களும் இல்லை, ஒரே ஒரு கால்விரல் எலும்பைத் தவிர. குழியில் திருடர்கள் விட்டுப்போன மங்கோலியப் பணத்தை வைத்து, 2002-க்குப் பிறகு நடந்த திருட்டு என்று கணித்தார்கள். காணாமல் போன மண்டை ஓடும் பாதமும் பிறகு ஐரோப்பாவில் ஒரு தனியார் சேகரிப்பில் தலைகாட்டின. குழியில் கிடந்த அந்த விரல் எலும்பு, அந்தப் பாதத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. 2014-ல் எல்லாம் மங்கோலியாவுக்குத் திரும்பின.

இந்த இடத்தில் ஃபாசில் வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் எழுந்து நிற்பார்கள். "பார்த்தீர்களா, மண்டை ஓட்டைப் பற்றித் தகவல் கொடுத்ததே ஒரு பிரெஞ்சு ஃபாசில் வியாபாரிதானே? விலை இருந்தால்தான் தோண்டுவார்கள். இல்லாவிட்டால் வெயிலிலும் காற்றிலும் எலும்பு பொடியாகிப் போகும்." காமர்ஸ் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இந்த வாதத்தில் சட்டென்று விழுந்துவிடுவார்கள். விலை ஏறினால் சப்ளை கூடும் என்பது பாலபாடம் ஆயிற்றே!

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். விலை ஏறினால் சோப்பு கூடுதலாகத் தயாராகும். டெய்னோகைரஸ் தயாராகுமா? அது செத்து ஒழிந்து சுமார் 7 கோடி வருடம் ஆகிறது. விலை ஏறினால் கூடுவது சரக்கு இல்லை, அதைத் தோண்டும் அவசரம். அந்த அவசரத்தில் எதை எடுப்பார்கள்? விற்கிறதை மட்டும். தலை, நகம், பாதம். டெய்னோகைரஸ் குழியில் நடந்தது அதுவேதான். சந்தைக்கு வேண்டாம் என்று தள்ளப்பட்ட முதுகெலும்பில்தான் திமில் இருந்தது.

இன்னொன்று. எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு, பக்கத்தில் என்ன கிடந்தது என்ற விவரம் இல்லாத எலும்பு, வவுச்சர் இல்லாத கணக்கு மாதிரி. தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எந்த ஆடிட்டரும் நம்ப மாட்டார். அந்த வியாபாரி செய்தது நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் திருட்டே நடக்காமல் இருந்திருந்தால் அந்த உதவிக்கு அவசியமே இருந்திருக்காது.

விற்பதற்காகச் செய்யும் தில்லுமுல்லு வேறு. பிரேசிலிலிருந்து போன ஒரு மண்டை ஓட்டுக்கு, வியாபாரிகள் மூக்கைச் சாந்து பூசி நீட்டிவிட்டார்கள். அதைச் சுத்தம் செய்து நொந்துபோன விஞ்ஞானிகள் 1996-ல் அந்த டைனோசருக்கு வைத்த பெயர் 'இரிடேட்டர்', அதாவது எரிச்சலூட்டுவது! (விளையாட்டில்லை, அதுதான் அதிகாரப்பூர்வப் பெயர்.)

அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைத்ததை விற்பது சட்டப்படி சரி. 2020-ல் 'ஸ்டான்' என்ற டி-ரெக்ஸ் 3.18 கோடி டாலருக்கும், 2024-ல் 'அபெக்ஸ்' என்ற ஸ்டெகோசாரஸ் 4.46 கோடி டாலருக்கும் போயின. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. இந்த விலைக்கு எந்தப் பல்கலைக்கழக மியூசியம் போட்டி போட முடியும்? அதைவிட மோசம், இப்படி ஒவ்வொரு ஏலச் செய்தியும் கோபியில் கடப்பாரையோடு நிற்பவனுக்கு ஒரு விளம்பரம். மங்கோலியாவில் ஃபாசில் அரசுச் சொத்து. இருந்தும் 2012-ல் ஒரு டார்போசாரஸ் நியூயார்க் ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் கேட்கப்பட்டது. அமெரிக்க அரசு அந்த எலும்புக்கூட்டின் மீதே வழக்குப் போட்டு, 2013-ல் அதைத் திருப்பி அனுப்பியது.

ஆக, வழி இல்லாமல் இல்லை. எங்கே, எப்போது, யார் அனுமதியோடு எடுத்தது என்ற தாள் இல்லாத எலும்பை எந்த ஏலக்காரரும் மேடையேற்றக் கூடாது, எந்த மியூசியமும் வாங்கக் கூடாது, எந்த இதழும் அதைப் பற்றிக் கட்டுரை போடக் கூடாது. பழைய பைக் வாங்கப் போனால்கூட முதலில் ஆர்.சி. புக்கைக் கேட்கிற உலகம் இது. 7 கோடி வருடத்துச் சரக்குக்கு அதைக் கேட்பதில் என்ன தப்பு?